மலைப்பாதையை மறித்தவர் யார்?
மௌனா கேயா நிகழ்ச்சிகளைக் குறித்து ஒரு சிந்தனை

வழி என்னும் சொல்லை நாம் பிரசங்க பீடத்தில் பெரும்பாலும் உருவகமாகவே ஆளுகிறோம். ஜீவவழி, இடுக்கமான வழி என்று பேசிப் பழகிவிட்ட நமக்கு, வழி என்பது முதலாவது மண்ணாலும் கல்லாலும் ஆன பாதை என்பது மறந்துபோகிறது. அப்பாதைக்கு உரிமை கோருவோர் உண்டு. காவல் செய்வோர் உண்டு. குறுக்கே நிற்போரும் உண்டு. எண்ணாகமம் 20ஆம் அதிகாரத்தில் மோசே காதேசிலிருந்து ஏதோமின் அரசனிடத்திற்கு ஆளனுப்பிக் கேட்டதும் இப்படிப்பட்ட ஒரு பாதையையே. வயல்களிலும் திராட்சத் தோட்டங்களிலும் கால் வைக்கமாட்டோம், கிணற்றுத் தண்ணீர் குடிக்கமாட்டோம், ராஜபாதையிலேயே நேரே நடந்து போய்விடுவோம் என்று வாக்களித்தும் ஏதோம் இணங்கவில்லை. பலத்த கையோடு எதிர்த்து வந்தது. இஸ்ரவேல் விலகிச் சென்றது.

இப்பகுதியை வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் மாணவர்கள் ஏதோமின் கடின மனத்தையே சுட்டுவார்கள். இஸ்ரவேல் ஏன் சண்டையிடாமல் விலகிற்று என்று கேட்பவர் அரியர். இக்கேள்வியை நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றின் அருகில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாயி தீவிலுள்ள மௌனா கேயா என்னும் மலையில், ஒரு தொலைநோக்கி கட்டுவதை முன்னிட்டு, 2019ஆம் ஆண்டில் ஒரு சாலை ஏறத்தாழ ஐந்தரை மாதங்கள் பொதுப் போக்குவரத்துக்கு அடைபட்டுக் கிடந்தது. அதை அடைத்தது அரசா, மக்களா என்பதிலேயே இரு சாராரும் மாறுபட்டனர்.

இந்நிகழ்ச்சி நமக்குத் தூரத்துச் செய்தியன்று. 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834இல் மதுரைக்கும் மிஷனரிகளை அனுப்பிய அமெரிக்கன் போர்டு என்னும் அதே சங்கமே 1820இல் ஹவாயித் தீவுகளுக்கும் மிஷனரிகளை அனுப்பியது. மதுரை நாட்டிலே நற்செய்தியை விதைத்தவர்களுக்கும் அத்தீவுகளில் விதைத்தவர்களுக்கும் தாய்ச்சங்கம் ஒன்றே. இன்னொரு தொடர்பும் உண்டு. அங்கே கட்டக் கருதிய தொலைநோக்கியில் இந்தியாவும் ஒரு பங்காளி. 2014இல் நடுவண் அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. இந்தியப் பங்காளிகளில் ஒன்றான பெங்களூரு வானியற்பியல் நிறுவனமே கொடைக்கானல் மலையிலுள்ள வான் ஆய்வுக்கூடத்தையும் நடத்தி வருகிறது. அந்தக் கொடைக்கானலில் 1845இல் முதற்குடியேறி வீடு கட்டியவர்களும் அமெரிக்கன் மதுரை மிஷனரிகளே என்பதை வாசகர் அறிவர்.

மலையும் சட்டமும்

மௌனா கேயா கடல் மட்டத்திற்கு மேல் 4,207 மீட்டர் உயரமுள்ளது. கடலின் அடித்தரையிலிருந்து அளந்தால் பத்தாயிரம் மீட்டருக்கும் மிகும். மேகங்களுக்கு மேலே, ஈரமற்ற, அசைவற்ற காற்றில் அதன் உச்சி நிற்பதால் வானியலார் அதனை விரும்புகின்றனர். ஹவாயின் பழங்குடி மக்களோ அம்மலையை வானத் தந்தையாகிய வாகேயாவோடு தொடர்புபடுத்தித் தங்கள் மரபின் தலைப்பிள்ளைபோல் எண்ணுகின்றனர். உச்சியருகே உள்ள வையாவு ஏரிக்குத் தங்கள் குழந்தைகளின் தொப்புள்கொடியைக் கொண்டுபோய் இடும் வழக்கமும் அவர்களிடத்தில் உண்டு. அவர்கள் விண்மீன்களுக்குப் பகைவரல்லர். திசைகாட்டும் கருவி ஏதுமின்றி விண்மீன்களைக் கொண்டே கடல் கடந்தவர் அவர்களுடைய முன்னோர். 1976இல் ஹொக்குலேயா என்னும் மரக்கலம் அம்முறையிலேயே தாகித்தி வரை சென்று அக்கலை அழியவில்லையென்று காட்டிற்று.

1968இல் மாநில அரசு மலையுச்சி நிலத்தை ஹவாயி பல்கலைக்கழகத்துக்கு 65 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அங்கே தொலைநோக்கி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதின்மூன்று எழுந்தன. பல்கலைக்கழகம் அந்நிலத்தைச் செவ்வையாகப் பேணவில்லையென்று 1998இல் மாநிலத் தணிக்கையரே கடிந்தெழுதினார். இதன்பின் வந்ததுதான் முப்பது மீட்டர்த் தொலைநோக்கித் திட்டம். 492 கண்ணாடித் துண்டுகளை ஒன்றுசேர்த்து முப்பது மீட்டர் விட்டமுள்ள ஒரே ஆடிபோல் அமைப்பது அதன் நோக்கம். கலிபோர்னியாவின் இரு கல்வி நிறுவனங்களோடு ஜப்பான், சீனா, கனடா, இந்தியா ஆகிய நாடுகள் கூடின. குத்தகைப் பணமாக ஆண்டுதோறும் பத்து லட்சம் டாலர் அளவுக்குத் தருவதாகவும், தீவுப் பிள்ளைகளின் கல்விக்கென்று தனி நிதி வைப்பதாகவும் திட்டத்தார் வாக்களித்தனர். வயலில் இறங்கமாட்டோம், குடிக்கும் தண்ணீருக்கு விலை கொடுப்போம் என்ற மோசேயின் தூது இங்கே நம் நினைவுக்கு வருகிறது. வாக்களித்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நாம் கருதவில்லை. ஏதோமும் மோசேயைப் பொய்யனென்று சொல்லவில்லை.

2011இல் மாநிலத்தின் நில வாரியம் திட்டத்துக்கு அனுமதி அளித்தது. ஆனால் ஆட்சேபம் செய்தோரின் வழக்கை முறைப்படி விசாரிக்குமுன்பே அதை அளித்துவிட்டது. தாலி கட்டிய பின்பு பெண்ணின் சம்மதத்தைக் கேட்டதுபோல் ஆயிற்று. 2015 டிசம்பர் 2இல் ஹவாயின் உச்ச நீதிமன்றம், இது முறையன்று என்று அவ்வனுமதியைத் தள்ளிற்று. மீண்டும் நெடு நாள் விசாரணை நடந்தது. 2017இல் வாரியம் மறுபடியும் அனுமதித்தது. 2018 அக்டோபர் 30இல் நீதிபதிகள் நால்வர் அதை ஏற்க, ஒருவர் மறுத்தார். மறுத்தவருடைய வாதம் இறையியல் மாணவர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஓரிடம் முன்னமே கெட்டுப்போயிற்று, ஆகையால் இன்னும் கொஞ்சம் கெடுப்பதால் புதிய தீங்கில்லை என்று சொல்வோமானால், முதற்கேடு செய்தவனே பின்வருகிற கேடுகளுக்கெல்லாம் அனுமதி பெற்றுவிடுகிறான் என்பதே அதன் சாரம். பாவத்தைக் குறித்து நாம் போதிப்பதற்கு இது மிக அருகில் நிற்கிறது.

எவ்வாறாயினும், 2018இன் தீர்ப்புக்குப்பின் திட்டம் சட்டப்படி அனுமதி பெற்றது. இதை நாம் மறைக்கக்கூடாது. சாலையில் அமர்ந்தவர்களின்மேல் நமக்கு இரக்கம் இருக்கலாம். ஆயினும் அவர்கள் கேளாமல் தள்ளப்பட்டவர்கள் என்று 2015க்கு முன் சொல்லக்கூடியதை 2019இல் அதே சொற்களால் சொல்ல இயலாது.

சாலையில் நடந்தவை

முதற்கைதுகள் 2015இலேயே தொடங்கின. ஏப்ரல் 2ஆம் நாளன்று 31 பேர் பிடிபட்டனர். ஜூன் 24இல் கட்டுமான வண்டிகள் ஏறாதபடி சாலையில் கற்கள் பரப்பப்பட்டன. ஜூலையில் மாநில அரசு ஓர் அவசர விதி செய்து, இரவு நேரத்தில் அச்சாலையையும் அதன் இருபுறத்து நிலத்தையும் தங்குவோருக்கு அடைத்தது. அவ்விதியின் கீழும் சிலர் கைதாயினர். ஆனால் அதே ஆண்டில் நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்றது. அதாவது, பாதையை அடைத்த அரசின் ஆணையே சட்டத்துக்குப் புறம்பானது என்று பின்னால் தெரியவந்தது; கைதானவர்களோ அதற்கு முன்பே விலங்கு பூண்டுவிட்டனர். காவல் அதிகாரத்தைக் குறித்த எந்த ஆய்வும் இந்த இடைவெளியை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆணை உடனே வலிமை பெறுகிறது. அதன் நியாயம் மாதங்கள் கழித்தே ஆராயப்படுகிறது.

2019 ஜூலை 10இல் ஆளுநர் டேவிட் இகே, வரும் 15ஆம் நாள் முதல் கட்டுமான வண்டிகள் மேலேறும் என்றும் அதன்பொருட்டுச் சாலை அடைக்கப்படும் என்றும் அறிவித்தார். மக்கள் மலையடியில் பூஊ ஹுளுஹுளு என்னும் குன்றருகே 13ஆம் நாளே கூடிவிட்டனர். 15ஆம் நாள் விடியுமுன் எட்டுப்பேர், கால்நடைகள் கடவாதபடி சாலையின் குறுக்கே பதித்திருந்த இரும்புக் கிராதியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு பல மணி நேரம் கிடந்தனர். மறுநாள், மேலேயுள்ள தொலைநோக்கி நிலையங்களின் பணியாளரெல்லாரும் கீழே இறக்கப்பட்டனர்; ஏறத்தாழ நான்கு வாரங்கள் அம்மலையில் வானாய்வு நின்றுபோயிற்று.

17ஆம் நாள் நடந்ததுதான் உலகின் கண்களை அங்கே திருப்பிற்று. கூப்புனா என்று அவர்கள் அழைக்கும் முதியோர், சாலையின் நடுவே கூடாரத் துணியின் கீழ் நாற்காலிகளிட்டு வரிசையாய் அமர்ந்தனர். இளையோர் ஒதுங்கி நிற்கவேண்டும், வாய் திறக்கவோ கை ஓங்கவோ கூடாது என்று அவர்களே கட்டளையிட்டனர். இவ்வொழுங்குக்குக் காப்பு அலோஹா என்று பெயர். அன்பினால் தன்னைக் கட்டுப்படுத்துதல் என்று ஒருவாறு பொருள் கூறலாம். முப்பதுக்கும் மேற்பட்ட முதியோர் அன்று கைதாயினர். சிலர் நடந்தனர், சிலரைத் தூக்கிச் சென்றனர், சிலர் சக்கர நாற்காலியில் போயினர். அரசின் பணிக்கு இடையூறு செய்ததாக அவர்கள்மேல் குற்றம் சாற்றப்பட்டது. அவர்கள் அகற்றப்பட்டபின் பெண்கள் கைகோத்து அணிவகுத்துத் தடியேந்திய காவலர் முன் நின்றனர். பேச்சு நடந்தது, காவலர் மேற்செல்லாது பின்வாங்கினர். அன்றைக்கே ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். அதன்படி பாதைகளை அடைக்கவும் ஆட்களை விலக்கவும் அரசுக்கு மிகுந்த அதிகாரம் உண்டாயிற்று. ஜூலை 30இல் அதை அவரே திரும்பப் பெற்றார்.

கைது செய்த காவலரில் பலர் ஹவாயியரே. தங்கள் சொந்த உறவின் முதியோரையே அவர்கள் தூக்கிச் செல்ல நேர்ந்தது என்று செய்திகள் கூறின. நம் சபைகளிலும் காவல் பணியில் உள்ள குடும்பங்கள் உண்டு; அவர்களைக் குறித்து நம் ஜெபங்களில் எத்தனை முறை ஒரு வார்த்தை வருகிறது?

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மாதக்கணக்கில் மக்கள் சாலையில் தங்கினர். தொலைநோக்கிப் பணியாளர் பேச்சின்பேரில் போய்வரலாயினர். டிசம்பரில் கட்டுமானம் இப்போதைக்குத் தொடங்காது என்று தெரிந்து ஆளுநர் காவலரை மீட்டுக்கொண்டார். தீவின் மேயர் ஹாரி கிம் முதியோரோடு உடன்பாடு செய்ய, கூடாரங்கள் சாலையோரம் நகர்ந்தன. டிசம்பர் 28இல் பாதை திறந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் வந்தபோது எஞ்சியோரும் வீடு திரும்பினர்.

துடுப்பின் சட்டம்

ஹவாயியருக்குச் சாலையைக் குறித்த ஒரு பழஞ்சட்டம் உண்டு. முதலாம் கமேஹமேஹா அரசன் இளமையில் கடற்கரைக் குடிகளைக் கொள்ளையிடப் போனபோது, எரிமலைப் பாறையின் வெடிப்பிலே அவன் கால் சிக்கிக்கொண்டது. துரத்தப்பட்ட மீனவன் ஒருவன் திரும்பிவந்து துடுப்பினால் அவன் தலையில் அடிக்க, துடுப்பு சிதறிற்று. ஆண்டுகள் கழித்து அடித்தவர்களை அரசன்முன் கொண்டுவந்தனர். அவனோ, குற்றமற்ற எளியவர்களைத் தாக்கப் போன தவறு தன்னுடையது என்று அவர்களை விடுவித்து, முதியவரும் பெண்களும் பிள்ளைகளும் வழியோரத்தில் அச்சமின்றிப் படுத்துறங்கலாம், அவர்களைத் தீண்டுகிறவன் தண்டனைக்கு உரியவன் என்று 1797இல் சட்டம் பிறப்பித்தான். சிதறிய துடுப்பின் சட்டம் என்பது அதன் பெயர். 1978இல் திருத்தப்பட்ட மாநில அரசியல் சட்டத்தில், பொதுமக்கள் பாதுகாப்பில் அரசுக்குள்ள அக்கறையின் அடையாளமாக அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. ஹொனொலூலு காவல் துறையின் சின்னத்தின் நடுவில் இரு துடுப்புகள் குறுக்காகப் பொறிக்கப்பட்டிருப்பதும் இதன் நினைவாகவே. அத்துறையின் காவலரும் 2019இல் மலைக்கு அனுப்பப்பட்டிருந்தனர். மார்பில் அச்சின்னத்தை அணிந்தவர்கள், சாலையில் அமர்ந்த முதியோரை எதிர்கொண்டனர்.

இதைச் சொல்லிக் காவலரை இகழ்வது எளிது. நாம் அதைச் செய்ய முன்வரவில்லை. அச்சட்டம் வழியோரத்தில் உறங்குகிறவனைக் காக்கிறதே அல்லாமல், வழியை மறிக்கிறவனுக்கு உரிமை தரவில்லை என்று ஒருவர் வாதிக்கலாம், வாதமும் நேரானதே. ஆனால் அச்சட்டத்தைப் பிறப்பித்த அரசன், வழியிலே தாக்கியவன் தானே என்று ஒப்புக்கொண்டபின் அல்லவோ அதைப் பிறப்பித்தான்? அதிகாரம் தன் தவற்றைக் கண்ட இடத்தில் பிறந்த சட்டம் அது. இவ்வகைச் சட்டம் உலக வரலாற்றில் அதிகமில்லை.

அதே அரசியல் சட்டம் பழங்குடியினரின் வழக்க உரிமைகளையும் காக்கிறது; அவற்றை ஒழுங்குபடுத்தும் உரிமையை அரசுக்கும் வைக்கிறது. நிலவுரிமை ஒருவருடையதாய் இருந்தாலும் கடற்கரைக்கும் காட்டுக்கும் வழக்கப்படி போய்வரும் உரிமை அதனால் முற்றும் அழியாது என்று 1995இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மேலும், மலைச்சாலையின் ஒரு பகுதி, 1921ஆம் ஆண்டின் சட்டத்தால் ஹவாயியரின் குடியிருப்புக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தின்மேல் செல்கிறது. அச்சாலையை அடைக்க அரசுக்கு அதிகாரம் உண்டோ என்பதே அவர்கள் எழுப்பிய முதல் வினாக்களில் ஒன்று.

நம் சொந்த வீட்டுக் கணக்கு

இந்நிலமெல்லாம் மாநிலத்திடம் எவ்வாறு வந்தது என்று கேட்டால், பதில் நம் தாய்ச்சங்கத்தின் வாசலில் வந்து நிற்கிறது. 1893 ஜனவரி 17இல் லிலியுஒகலானி அரசி பதவியினின்று இறக்கப்பட்டார். முந்தின நாள் அமெரிக்கக் கப்பற்படை வீரர் கரையிறங்கியிருந்தனர். சதியின் முன்னணியில் நின்ற லாரின் தர்ஸ்டன், 1820இல் முதற்கப்பலில் வந்த மிஷனரித் தம்பதியின் பேரன். புதிய ஆட்சியின் தலைவரான சான்ஃபோர்டு டோலும் ஒரு மிஷனரியின் மகனே. 1898இல் அரச நிலங்கள் அமெரிக்காவுக்குக் கையளிக்கப்பட்டன. 1959இல் அவை புதிய மாநிலத்துக்கு அறக்கட்டளை நிலமாக வந்தன. மௌனா கேயாவின் உச்சி அவற்றில் அடங்கியது.

சரியாக நூறாண்டு கழித்து, 1993 ஜனவரி 17இல், அமெரிக்கன் போர்டின் வழிவந்த ஐக்கிய கிறிஸ்து சபையின் தலைவர் பால் ஷெரி, ஹொனொலூலுவுக்கே சென்று ஹவாயிய மக்களிடம் சபையின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு நவம்பர் 23இல் அமெரிக்கக் காங்கிரசின் மன்னிப்புத் தீர்மானத்திலும் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார். சபை அரசுக்கு முந்திக்கொண்டது என்பதில் நாம் சிறிது ஆறுதல் அடையலாம். ஆயினும் மன்னிப்புக் கேட்டபின் நிலம் அதே இடத்தில்தான் இருந்தது.

இங்கே புராட்டஸ்டண்டு மனச்சாட்சி எழுப்பும் ஒரு தடையை மறைக்கலாகாது. இந்த மலையிலுமல்ல, எருசலேமிலுமல்ல என்று சமாரியப் பெண்ணிடம் உரைத்த ஆண்டவரைப் பின்பற்றுவோர், ஒரு மலையைப் புனிதமென்று கருதி அதற்காக அமர்ந்தவர்களோடு எவ்வாறு நிற்பது? 1824இல் கபியொலானி என்னும் பெண்குலத் தலைவி எரிமலையின் வாய்க்கே இறங்கி, பேலே என்னும் தேவதைக்கு அஞ்சமாட்டேன் என்று அறிக்கையிட்டதை மிஷன் வரலாறுகள் பெருமையோடு கூறுகின்றன. அவ்வறிக்கையை நாமும் மதிக்கிறோம். ஆனால் கபியொலானி தன் சொந்த மலையில், தன் சொந்த மனத்தோடு அதைச் செய்தாள் என்பதைக் கவனிக்கவேண்டும். அவளுடைய விசுவாசத்தை ஒரு பிறநாட்டான் எரிமலையைக் குத்தகைக்கு எடுப்பதற்கு ஆதாரமாக்க முடியாது. மலை புனிதமா என்பது ஆராதனையைப் பற்றிய வினா. மலையைப் புனிதமென்று கருதுவோரை எவ்வாறு நடத்துவது என்பது நீதியைப் பற்றிய வினா. முதல் வினாவுக்கு யோவான் 4 விடை தருகிறது. அவ்விடையைக் கொண்டு இரண்டாவதைத் தட்டிக்கழிப்பது நம்மிடையே வெகுநாளாக நடந்துவரும் பிழை. நம் முன்னோரின் கல்லறைத் தோட்டத்தின் வழியே ஒரு சாலை போடக் குறியிட்டால், மண்ணில் பரிசுத்தம் இல்லையென்று நம்மில் யார் சும்மாயிருப்பர்?

யாருக்கு அடைபட்டது

பவுலின் ரோமர் 13ஆம் அதிகாரத்தை இத்தருணங்களில் எடுத்துக்காட்டாத ஆயர் இல்லை. அதிகாரம் தேவனால் உண்டாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அதிகாரத்தைத் தேவ ஊழியன் என்று அழைக்கும் சொல்லே அதனைக் கணக்கு ஒப்புவிக்கும் நிலையில் நிறுத்துகிறது. பிலிப்பியில் விசாரணையின்றி அடிக்கப்பட்ட பவுலும், இரகசியமாய் வெளியே போ என்ற அதிகாரிகளுக்கு இணங்காமல், அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்றார். எபேசுவின் பட்டணத்துச் சம்பிரதியோ ஒருவரையும் கைது செய்யாமல், நியாயஸ்தலம் திறந்திருக்கிறது என்று நினைப்பூட்டிக் கூட்டத்தைக் கலைத்தான். அப்போஸ்தலர் 16ஐயும் 19ஐயும் ரோமர் 13ஓடு சேர்த்து வாசித்தால்தான் அதிகாரத்தைப் பற்றிய பவுலின் அனுபவம் முழுமையாகும்.

ஆனால் நம் பொருளுக்கு ஏதோமே நெருங்கியது. எண்ணாகமம் 20இல் ஏதோம் பாதையை அடைத்ததற்காக அப்பகுதி அதனைச் சபிக்கவில்லை. உபாகமம் 2இல் கர்த்தர், சேயீர் ஏசாவின் புத்திரருக்குக் கொடுக்கப்பட்டது, அவர்களோடு போராடவேண்டாம், உணவுக்கும் தண்ணீருக்கும் பணங்கொடுங்கள் என்று இஸ்ரவேலையே எச்சரிக்கிறார். வாக்குத்தத்தம் பெற்ற ஜனத்துக்கும் பிறர் நிலத்தின் வழியே போகப் பிறப்புரிமை இல்லை! (எமோரியனாகிய சீகோனின் நிலை வேறு, அவன் மறுத்ததோடு நில்லாமல் யுத்தத்துக்குப் புறப்பட்டு வந்தான்.) அதே ஏதோம் பிற்காலத்தில் கடும் தீர்ப்புக்கு உள்ளாகிறது. காரணம் என்ன? எருசலேம் விழுந்த நாளில், தப்பியோடுகிறவர்களைச் சங்கரிக்க வழிச்சந்திகளில் நின்றதே என்று ஒபதியா 14ஆம் வசனம் கூறுகிறது. இரண்டிடத்திலும் ஏதோம் வழியில்தான் நிற்கிறது. ஆறு லட்சம் ஆண்களோடு வந்த கூட்டத்துக்கு வழி மறுத்தபோது திருமறை பொறுத்துக்கொள்கிறது. உயிருக்கு ஓடுகிறவனுக்கு வழி மறித்தபோது பொறுக்கவில்லை. அடைத்தல் என்னும் செயலை அடைபட்டவன் யார் என்று பார்த்தே அது தீர்க்கிறது. அடைக்கலப்பட்டணங்களைக் குறிக்கும் உபாகமம் 19, பட்டணத்தைப் பிரித்து வைத்தால் போதும் என்று விடாமல், அதற்குப் போகும் வழியையும் உண்டாக்கவேண்டும் என்கிறது.

மௌனா கேயாவில் கூடினோர் தங்கள் முகாமுக்குப் பூஉஹோனுவா, அதாவது அடைக்கல இடம், என்றே பெயரிட்டனர். பழங்காலத்தில் விலக்கை மீறியவன் அப்படிப்பட்ட இடத்துக்குள் ஓடிவந்தால் உயிர் தப்புவான். 1823இல் அத்தீவைச் சுற்றிவந்த லண்டன் மிஷனரி வில்லியம் எல்லிஸ், யோசுவாவின் அடைக்கலப்பட்டணங்களை நினைத்தே அதை விவரித்தார்.

இந்த அளவுகோல் சாலையில் அமர்ந்தவர்களையும் அளக்கும். ஹவாயியர் அனைவரும் ஒரே மனத்தினரல்லர். திட்டத்தை விரும்பிய ஹவாயியரும் இருந்தனர். பழைய நிலையங்களில் கூலிக்குப் பணி செய்தவர்களும் வழி கேட்டு நிற்கவேண்டியதாயிற்று. அரசின் தடுப்பைக் கண்டித்தவர்கள் தாங்களும் ஒரு தடுப்பை வைத்து, இவர் போகலாம், இவர் போகக்கூடாது என்று தீர்த்தபோது, அதிகாரத்தின் சுமை அவர்கள் தோளிலும் ஏறிற்று. அதை அவர்கள் பெரும்பாலும் பொறுமையோடும் ஒழுங்கோடும் சுமந்தார்கள் என்பது நம் கணிப்பு. சுமையே இல்லை என்று கூறுவது உண்மையன்று.

நம் அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். நாம் இளம் ஆயராய் இருந்த ஒரு சேகரத்தில், அரசுக் கட்டுமானம் ஒன்றை எதிர்த்து மக்கள் திரண்டதால் 144ஆம் பிரிவின் தடையாணை போடப்பட்டது. தடுப்புக்கு அப்பால் மரணப்படுக்கையில் இருந்த ஒரு தாயாருக்குத் திருவிருந்து கொண்டுபோகப் புறப்பட்டோம். காவலர் அனுமதிக் கடிதம் கேட்டனர். எழுதி வாங்கி வர அரை நாள் சென்றது. அதைக் காட்டிக் கடந்தால், ஊர் எல்லையில் பனந்தடிகளை இட்டு நம் சபை வாலிபரே மறித்திருந்தனர். “ஐயா, அவர்களிடம் கடிதம் வாங்கித்தானே வருகிறீர்கள்? என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?” என்று ஒருவன் கேட்டான். ஞானஸ்நான வகுப்பில் நம்மிடம் படித்தவன். பையைத் திறந்து அப்பத்தையும் கிண்ணத்தையும் காட்டிய பிறகே விட்டான். அந்தத் தாயார் மாலைவரை பேசும் நிலையில் இருந்தார். நாம் சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது.

அந்நாளில் ஆணையின் நகலைக் கேட்டு வாசிக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. பின்னர் வாசித்தபோது, நோயாளிகளுக்கும் அடக்க ஆராதனைக்கும் விலக்கு உண்டென்று அதிலேயே எழுதியிருந்ததைக் கண்டோம். தடுப்பில் நின்ற காவலரும் அதை வாசித்திருக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் அப்பிரிவு புதிய சட்டத்தில் 163ஆம் பிரிவாக வந்துள்ளது. ஆணை பொதுவாக இரண்டு மாதங்களுக்கு மேல் நிற்காது. மாநில அரசு நீட்டினாலும் கூடுதலாக ஆறு மாதமே. சேகரத்தில் இத்தகைய ஆணை வந்தால் ஆயர் அதைக் கேட்டு வாங்கி, எல்லை, கெடு, விலக்கு ஆகியவற்றை இருபக்கத்துத் தடுப்பினருக்கும் வாசித்துக் காட்டலாம். எபேசுவின் சம்பிரதி செய்ததும் ஏறத்தாழ இதுவே.

மௌனா கேயாவின் இன்றைய நிலையையும் கூறவேண்டும். 2022இல் இயற்றிய சட்டப்படி மலைநிலத்தின் நிர்வாகம் பல்கலைக்கழகத்தினின்று நீங்கி, ஹவாயிய மரபினரும் இடம்பெறும் பதினொருவர் அடங்கிய அதிகார சபைக்கு 2028 ஜூலையில் முழுமையாகச் சேரவேண்டும். பழைய நிலையங்களில் இரண்டு 2024க்குள் பிரித்தெடுக்கப்பட்டன. 2025இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம், முப்பது மீட்டர்த் தொலைநோக்கியை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்வதில்லை என்று தெரிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்பெயின் அரசு, தன் லா பால்மா தீவில் அதைக் கட்டுவதானால் நாற்பது கோடி யூரோ வரை தருவதாக முன்வந்தது. மௌனா கேயாவில் அத்தொலைநோக்கிக்கென்று குறித்த இடத்தில் கட்டடம் எழவில்லை. கீழே, குன்றருகே பிரியும் சாலையில் வண்டிகள் போய்வருகின்றன.